சரளைக்காட்டில் எனக்கு ஒரு கல்

ரக்பி, வட டகோடா
நவம்பர் 9, 1996

மார்லிஸ்,

நீ உயிரோடு அரிசோனா போய்ச் சேர்ந்துவிட்டதாகப் பாதிரியார் சொன்னார். கட்டின புருஷனை விட்டுவிட்டுப் பாதிரியாருக்குத் தகவல் சொல்லும் பெண்டாட்டியை நம் ஊர் இதுவரை கண்டதில்லை. வீட்டுக்கும் இரண்டு தடவை போன் செய்தாயாமே. மணி அடித்தது கேட்டது. எடுக்கத் தோன்றவில்லை.

அக்டோபர் 26 காலையில் வாசலில் நின்று சொன்னதைத்தான் இப்போதும் சொல்கிறேன். பதினாலு குளிர்காலம் அந்தக் குவார்ட்ஸைட் சரளைக்காட்டில் உட்கார்ந்தது எனக்குப் போதும். ஆயிரக்கணக்கான கிழடுகள் ஆளுக்கொரு வண்டி வீட்டை ஓட்டிக்கொண்டு வந்து பாலைவனத்தில் நிறுத்தி, மடக்கு நாற்காலியில் சாய்ந்து, மலையைப் பார்ப்பதாகப் பாவனை செய்கின்றன. புல்லே முளைக்காத இடத்தில் வாசலுக்குப் பச்சைப் பிளாஸ்டிக் புல் வேறு. நாலு மணி ஆனால் நாற்காலியைத் தூக்கிப் போய் வட்டமாக உட்கார வேண்டும். ட்வைலா தன் இடுப்பு ஆபரேஷனை முதல் தையலிலிருந்து ஆரம்பிப்பாள். பர்டெட் தன் கழிவுத் தொட்டி எத்தனை நாளில் நிறைந்தது என்று சொல்வான். எல்லாரும் சபையில் பிரசங்கம் கேட்பதுபோல் தலையாட்டுவார்கள். ஐயோவாவில் நாற்பது வருடம் பன்றி வளர்த்தவன் வேறு எதைப் பற்றிப் பேசுவான், அவனைக் குறை சொல்ல முடியாது.

"நீ வராட்டி போ, நானே ஓட்டிட்டுப் போறேன்" என்றாய். அதுவரை நீ அந்த வண்டியை ஓட்டியது சபை வாசலில் ஒரே ஒரு சுற்று. முப்பத்திரண்டு அடி வண்டி, ஆயிரத்து அறுநூறு மைல். எத்தனை பெட்ரோல் பங்கின் கூரையை இடித்தாய் என்று எழுது. கூரைமேல் இருக்கும் டிவி ஏரியலை மடக்காமலே மொன்டானா முழுக்கப் போயிருப்பாய், பந்தயம் கட்டுகிறேன்.

அங்கே உனக்கு விலாசம் என்று ஒன்று கிடையாது என்பதால் இதைத் தபால் நிலையத்துக்கே அனுப்புகிறேன். மற்ற கிழடுகளோடு வரிசையில் நின்று வாங்கிக்கொள். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

ஆர்விட்


குவார்ட்ஸைட், அரிசோனா
நவம்பர் 20, 1996

ஆர்விட்,

வரிசையில் ஐம்பது நிமிஷம் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவன் தலையில் ரப்பர் கள்ளிச்செடி வைத்த தொப்பி. அவ்வளவு நேரம் நின்று கையில் வாங்கியது உன் கடிதம். இதற்கு அந்தத் தொப்பிக்காரனோடு பேசிக்கொண்டிருந்தே திரும்பியிருக்கலாம்.

ஒரு கூரையையும் இடிக்கவில்லை. ஏரியலை மடக்கினேன். பதினாலு வருடமாக அதை மடக்கச் சொல்லி உனக்கு ஞாபகப்படுத்தியவள் யார் என்று நினைக்கிறாய். மொன்டானாவில் பியூட் ஊரைத் தாண்டி மலை இறக்கத்தில் பயந்தே போனேன், அதை ஒத்துக்கொள்கிறேன். ஓரமாக நிறுத்தி ஒரு ரொட்டி சாப்பிட்டுவிட்டு மறுபடி ஓட்டினேன். இவ்வளவுதானா இது என்று இருந்தது. இதற்காகவா இத்தனை வருடம் நீ ஸ்டீயரிங்கைக் கப்பல் கேப்டன் மாதிரி பிடித்துக்கொண்டு என்னைப் பேசவே விடவில்லை?

கஷ்டம் பின்பக்கமாக நிறுத்துவதில்தான். எப்போதும் வண்டிக்குப் பின்னால் நின்று கையைக் காட்டியவள் நான், கண்ணாடியில் பார்த்துக்கொண்டே "மாடு மாதிரி நிக்காத, கையத் தூக்கு" என்று கத்தியவன் நீ. இப்போது பின்னால் நிற்க ஆளில்லை. நாலு அடி போவேன், இறங்கிப் பார்ப்பேன், ஏறுவேன். எட்டுத் தடவை. நம் வட்டத்து ஆட்கள் மொத்தமும் நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்தார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை, அந்த வரைக்கும் உன்னைவிடத் தேவலை.

நீ ஏன் வரவில்லை என்று ட்வைலா கேட்டாள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

உன் கையெழுத்துக்கு என்ன வந்தது? ஒவ்வொரு எழுத்தும் கத்தரிக்காய் அளவு, ஒரு வரி இன்னொரு வரியின் மேல் ஏறிப் படுத்திருக்கிறது. காலையிலேயே குடிக்க ஆரம்பித்துவிட்டாயா?

உள்ளே ஒரு போட்டோ இருக்கிறது. நன்றாகப் பார்.

மார்லிஸ்


ரக்பி
டிசம்பர் 5, 1996

மார்லிஸ்,

என் கையெழுத்தைச் சொல்ல வந்துவிட்டாய். உன் கடிதத்தில் எறும்பு ஊர்ந்திருக்கிறது. மூன்று நாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் பாதிதான் தேறியது, தேறிய பாதியும் வசவு. இனி எழுதுவதானால் கறுப்பு மார்க்கரில், பெரிதாக எழுது. எறும்பு பிடிக்க எனக்கு நேரமில்லை.

சபையின் லூட்டஃபிஸ்க் விருந்து சனிக்கிழமை முடிந்தது. மீனைச் சலவைக் காரத்தில் ஊறப்போட்டு, வழவழவென்று ஆக்கி, அதன்மேல் வெண்ணெய் ஊற்றிவிட்டால் பாவமெல்லாம் தீர்ந்துவிடும் என்று நம் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. முந்நூறு பேர் தின்றார்கள். அத்தனை பேரும் உன்னைக் கேட்டார்கள். "அவளுக்கு வெயில் கேக்குதாம், எனக்கு மூளை இருக்குது, அதான் நான் இங்க இருக்கேன்" என்றேன். சிரித்தார்கள். பக்கத்து வீட்டு ஜெரால்டின் மட்டும் சிரிக்கவில்லை. அவள் காரில்தான் போனேன். நம் பிக்கப் பனிக்குள் புதைந்து கிடக்கிறது, தோண்டி எடுக்க எனக்கு ஒரு அவசியமும் இல்லை.

இந்த வருடப் பனி சாதாரணப் பனி இல்லை. நவம்பரிலேயே சமையலறை ஜன்னலில் பாதி வரை ஏறிவிட்டது. உன் கூட்டம் இதைக் கேட்டால் நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொள்ளும். குளிருக்குப் பயந்து ஓடுகிறவர்களுக்கு ஓடியதே ஒரு பெருமை.

போட்டோ கிடைத்தது. தலைமுடியை வெட்டியிருக்கிறாய் போல, பரவாயில்லை.

ஆர்விட்


குவார்ட்ஸைட்
டிசம்பர் 18, 1996

ஆர்விட்,

ராஜா கேட்டபடி கறுப்பு மார்க்கரில் எழுதுகிறேன். பலகையில் பாடம் எழுதுவதுபோல் இருக்கிறது. உனக்கு அதுதான் பொருத்தம்.

அந்தப் போட்டோவில் நான் இல்லை. என் தலைமுடியும் இல்லை. நம் வண்டி, நம் பழைய இடத்தில், இரண்டு பாலோ வெர்டே மரங்களுக்கு நடுவே, ஒரு கை இடைவெளி விட்டு நேராக நிற்கிறது. நானே நிறுத்தியது. அதைப் பார்க்கச் சொல்லித்தான் அனுப்பினேன். நீ உறையிலிருந்து எடுக்கக்கூட இல்லை, வாய்க்கு வந்ததை எழுதிவிட்டாய். ஐம்பத்தொரு வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு ஒரு பார்வை தர முடியாத அளவுக்கு உனக்கு என்ன வேலை?

இங்கே எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். பிளாஸ்டிக் புல்லைக் கூட்டிப் பெருக்குகிறார்கள். ஜெனரேட்டரை எத்தனை மணிக்கு நிறுத்துவது என்று இரண்டு கட்சி. ட்வைலா இப்போது இன்னொரு இடுப்பையும் மாற்றப் போகிறாள், ஆகவே கதைக்கு இரண்டாம் பாகம் உண்டு. பர்டெட் புதன்தோறும் ஒரு பாத்திரம் நிறைய மாக்கரோனி கொண்டு வந்து வாசலில் வைக்கிறான். உப்பில்லை. பன்றிக்குக் கலக்கிய கைப்பழக்கம் போகவில்லை. ஆனாலும் ஆள் கொண்டு வருகிறானே என்று தின்கிறேன்.

ட்வைலா தன் வீட்டை விற்றுவிட்டு வருடம் முழுக்க வண்டியிலேயே இருக்கிறாள். கோடையில் மலைக்குப் போகிறாள், குளிரில் கீழே இறங்குகிறாள். நானும் அதை யோசிக்கிறேன். மார்ச் கடைசியில் எல்லாரும் வடக்கே கிளம்புவார்கள். நான் ரக்பிக்கு வண்டியைத் திருப்ப ஒரு காரணம் வேண்டும். ஒன்றே ஒன்று எழுது, போதும். எழுத முடியாவிட்டால் பீரோவில் இருக்கும் என் துணிகளை ஜெரால்டினுக்குக் கொடுத்துவிடு.

வீறாப்பில் திடீரென்று இங்கே வந்து நிற்காதே. அதைமட்டும் செய்யாதே.

மார்லிஸ்


ரக்பி
ஜனவரி 7, 1997

மார்லிஸ்,

வந்து நிற்காதே என்று ஏன் எழுதினாய் என்பது போன வாரத் தபாலில் புரிந்தது.

ஒரு அட்டை வந்திருக்கிறது. வழவழப்பான காகிதம், மேலே லில்லிப் பூவாம். விலாசம், ஆர்விட் டோலெஃப்சன் குடும்பத்தாருக்கு. ஜெரால்டின் அதை நம் சமையலறையில் நின்று படித்துக் காட்டினாள். பாதியில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள். "ஆர்விட், இது நீங்க செத்ததுக்கு வந்திருக்கு" என்றாள். "நல்லாப் பாத்துச் சொல்லு" என்றேன். "செப்டம்பர்ல, தூக்கத்துல, அமைதியா போயிட்டீங்களாம்" என்றாள்.

தூக்கத்தில், அமைதியாக. என்னைத் தெரிந்த ஒருத்தன் இதை நம்புவானா? உன் சரளைக்காட்டு அறிவாளிகள் பதினோரு பேர் நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கொல்வது என்று முடிவு செய்த பிறகு அறுவடை இயந்திரத்தில் விழுந்தேன் என்று சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு விவசாயிக்கு அது மரியாதையாக இருந்திருக்கும்.

ட்வைலா கீழே தனியாக எழுதியிருக்கிறாள். என் நகைச்சுவையை எல்லாரும் நினைத்துப் பார்க்கிறார்களாம். பதினாலு வருடத்தில் நான் அவர்களைப் பார்த்துச் சொன்ன எதுவும் நகைச்சுவை இல்லை. எனக்கு ஒரு கல்லுக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்துப் பெயர் எழுதி, வட்டத்தில் செத்தவர்களோடு சேர்த்து வைத்தாயிற்றாம். எனக்கு ஒரு பக்கம் நெப்ராஸ்காக் கிழவன் எல்டன், இன்னொரு பக்கம் பெப்பர். பெப்பர் ட்வைலாவின் நாய். என் மடக்கு நாற்காலியை யாரோ புதிதாக வந்தவனுக்குக் கொடுத்துவிட்டார்களாம், நான் அதைத்தான் விரும்பியிருப்பேனாம்.

ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஜெரால்டின் வாயில் எது நின்றது. காபிக் கடையில் நான் நுழைந்தால் எல்லாரும் தொப்பியைக் கழற்றுகிறார்கள்.

காரணம் ஒன்று கேட்டாய். செத்தவனிடம் காரணம் கேட்கக் கூடாது. பர்டெட்டின் மாக்கரோனிக்கு இப்போது எனக்கு அர்த்தம் தெரிகிறது.

ஆர்விட்


குவார்ட்ஸைட்
ஜனவரி 17, 1997

ஆர்விட்,

ஆமாம், சொன்னேன். மன்னிப்புக் கேட்பேன் என்று காத்திருக்காதே.

வந்து சேர்ந்த அன்று கழிவு கொட்டும் இடத்தில் வரிசையில் நின்றேன். அந்தக் குழாயை நான் தொட்டதே இல்லை, அது உன் வேலை. வாசம் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாட்டினேன், சரியாக மாட்டவில்லை. வால்வை இழுத்ததும் என் ஷூவெல்லாம் நாசம். பின்னால் எட்டு வண்டி. எல்லாருக்கும் முன்னால் ட்வைலா வந்து, "ஆர்விட் எங்க, ஏன் உன்னத் தனியா விட்டாரு" என்று கேட்டாள்.

உனக்கே தெரியும், வட்டத்தில் வராதவனுக்கு மூன்று காரணம்தான் உண்டு. செத்தான், படுத்தான், வண்டியை விற்றான். வண்டி என் பின்னால் நிற்கிறது. படுத்திருந்தால் நான் ஏன் இங்கே வந்தேன்? நாலாவதாக, என் புருஷனுக்கு என்னோடு வரப் பிடிக்கவில்லை, கழுதைக் கூட்டம் என்று சொல்லி வாசலிலேயே நின்றுவிட்டான் என்று அந்த நாற்றத்தில் நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "செப்டம்பர்ல போயிட்டாரு" என்றேன். அடுத்த நிமிஷம் நாலு ஆண்பிள்ளைகள் குழாயைப் பிடித்தார்கள். ஒருவன் என் ஷூவைக் கழுவினான். விதவைக்கு உதவ ஆள் உண்டு, வேண்டாம் என்று விடப்பட்டவளுக்கு ஆலோசனைதான் உண்டு. கேவலம் என்று தெரிந்துதான் செய்தேன். உன்னைச் சாகடித்தது, நீ என்னை வேண்டாம் என்றதைவிட எனக்குச் சுலபமாக இருந்தது.

இப்போது நான் கேட்கிறேன், நீ பதில் சொல்.

உன் பெயருக்கு வந்த தபாலை ஜெரால்டின் ஏன் படித்தாள்? உன் விதைக் கம்பெனிக் காலண்டரைக்கூட அடுத்தவர் தொட விடமாட்டாய். போட்டோவில் இல்லாத தலைமுடியை எப்படிப் பார்த்தாய்? கத்தரிக்காய் எழுத்து, எறும்பு, மார்க்கர், பூதக்கண்ணாடி. பனி தோண்ட அவசியமில்லையாம், அறுபது வருடமாகப் பனி நிற்பதற்கு முன்னாலேயே மண்வெட்டியோடு வெளியே நிற்பவன். அட்டையில் லில்லிப் பூ என்று எழுதாமல் லில்லிப் பூவாம் என்று எழுதியிருக்கிறாய். உன் கடிதங்களை எல்லாம் மேசைமேல் பரப்பி வைத்து இன்று காலை முழுக்கப் படித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாய், நானும் பரிமாறியதைத் தின்றிருக்கிறேன்.

உன் கண்ணுக்கு என்ன?

மார்லிஸ்


ரக்பி
ஜனவரி 28, 1997

மார்லிஸ்,

மூன்று நாளாக இதை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். கிழித்ததெல்லாம் இதைவிட நன்றாக இருந்தது.

செப்டம்பரில் லைசென்ஸ் புதுப்பிக்கக் கோர்ட் கட்டடத்துக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் நம் சபை ஒடெகார்டின் மகள். மெஷினில் நெற்றியை வைக்கச் சொன்னாள். "மூணாவது வரியப் படிங்க" என்றாள். வரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் திட்டு. கண்ணாடி அழுக்கு என்றேன். பாவம், துடைத்தாள். மறுபடியும் திட்டு. "இது மெஷின் இல்ல, மிஸ்டர் டோலெஃப்சன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு என் லைசென்ஸின் மூலையைக் கத்தரிக்கோலால் வெட்டினாள். அந்தப் பெண்ணுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவன் நான்.

டிராக்டர் பாகம் வாங்க மைனட் போனேன் என்று உன்னிடம் சொன்ன நாளில் கண் டாக்டரிடம் போனேன். ஜெரால்டின்தான் கூட்டிப் போனாள். வலது கண்ணின் நடுப்பகுதி போய்விட்டது, இடது போய்க்கொண்டிருக்கிறது. மருந்து இல்லை. ஓரங்கள் தெரியும், நடு தெரியாது. எதை நேராகப் பார்க்கிறேனோ அது இல்லை.

அதற்குப் பிறகும் ஆறு வாரம் உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிக்கப்பை ஓட்டினேன். ரோட்டோர வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போவேன். அக்டோபரில் சபைக்குப் போகும் வழியில் நீ "ஆர்விட்" என்று அலறினாய், ஞாபகம் இருக்கிறதா? பிரேக் போட்ட பிறகுதான் ஒரு பெண்ணும் குழந்தை வைத்த தள்ளுவண்டியும் இருந்தது தெரிந்தது. கவனிக்கவில்லை என்று சொன்னேன். அன்றோடு ஓட்டுவதை விட்டேன். கோழைத்தனத்தை விடவில்லை.

வண்டி வீட்டை ஓட்ட முடியாது என்று உன்னிடம் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பதிலாகச் சரளைக்காடு முட்டாள்களின் இடம் என்று சொன்னேன். சீச்சீ இந்தப் பழம் புளிக்கும் என்ற நரியே என்னைவிட யோக்கியன், அது தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. பதினாலு வருடமும் அக்டோபர் முதல் தேதியே வண்டியைக் கழுவி வைத்தவன் நான்தான். அந்த மலைகள் சாயங்காலம் சிவப்பதைப் பார்க்க, ட்வைலாவின் இடுப்பைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அதை ஒரு தடவையும் வாய்விட்டுச் சொன்னதில்லை, இனி சொல்லி என்ன.

நீ போக மாட்டாய் என்று நினைத்தேன். எஞ்சினைக் கிளப்பிவிட்டு ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாய். நானும் பார்த்தேன். உன் தொப்பி தெரிந்தது, ஒரு காது தெரிந்தது. முகம் இருக்கும் இடத்தில் அந்தத் திட்டு. நீ அழுகிறாயா, சிரிக்கிறாயா, ஒன்றும் தெரியவில்லை. கேட்டால் மாட்டிக்கொள்வேன். அதனால் "போ, கழுதைக் கூட்டத்துல ஒண்ணு கூடட்டும்" என்றேன்.

பிள்ளை இல்லாத வீடு. நீ திரும்பி வர எழுதக்கூடிய காரணம் ஒன்றுதான் இருந்தது, அதை எழுதினால் நீ பரிதாபப்பட்டு வருவாய். பரிதாபத்துக்கு வருகிறவளுக்கு வராதவளே மேல் என்று இருந்துவிட்டேன். இப்போது எழுதிவிட்டேன். உன் இஷ்டம்.

ஆர்விட்


குவார்ட்ஸைட்
பிப்ரவரி 9, 1997

ஆர்விட்,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அழுதேன். இரண்டாவது தடவை கோபம் வந்தது. மூன்றாவது தடவைக்குப் பிறகும் அந்தக் கோபம்தான் இருக்கிறது, ஆகவே அதிலிருந்தே எழுதுகிறேன்.

கண் தெரியாதவன் என்று நான் நினைப்பதைவிட, ஈவிரக்கம் இல்லாதவன் என்று நான் நினைப்பது உனக்குப் பரவாயில்லையாக இருந்திருக்கிறது. மூன்று மாதம் அப்படியே நினைத்தேன். பியூட் மலையில் பயந்தபோது நினைத்தேன். கிறிஸ்துமஸ் அன்று பர்டெட்டின் உப்பில்லாத மாக்கரோனியைத் தின்றபோது நினைத்தேன். உன் கண் போனதை நீ என்னிடம் சொல்லியிருந்தால் ஒரு ராத்திரி அழுதிருப்பேன், மறுநாள் காலை வண்டியை நான் ஓட்டியிருப்பேன், நீ பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் குறை சொல்லிக்கொண்டே வந்திருப்பாய். பரிதாபமாம். உன்மேல் பரிதாபப்பட முடியுமா? கையில் பிடித்தால் குத்துகிற ஜந்து நீ.

நேற்று நாலு மணிக்கு வட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். "ஆர்விட் சாகல. நான் பொய் சொன்னேன்" என்றேன். ட்வைலா, "அப்ப அந்தக் கார்டு?" என்றாள். "அவருக்கே போய்ச் சேந்துச்சு" என்றேன். "படிச்சாரா?" என்றாள். "இல்ல, அவருக்குக் கண்ணு தெரியல. பக்கத்து வீட்டுக்காரி படிச்சுக் காட்டினா" என்றேன். அதைச் சொன்னபோதுதான் எனக்குக் குரல் உடைந்தது, அதற்கு முன்னால் நன்றாகத்தான் பேசினேன்.

பர்டெட் எழுந்து, "என் பாத்திரத்தக் குடுத்துரு மார்லிஸ்" என்றான். கொடுத்துவிட்டேன். கழுவித்தான் கொடுத்தேன். இன்று காலையிலிருந்து யாரும் என் குழாயைப் பிடிக்க வரவில்லை. நானே மாட்டினேன், நானே கொட்டினேன், ஒரு சொட்டும் சிந்தவில்லை. கல்லை என்ன செய்வது என்று ஒரு மணி நேரம் விவாதம். பெயிண்ட் காய்ந்துவிட்டது, எப்படியும் ஒருநாள் வேண்டியிருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும் என்று கை தூக்கித் தீர்மானம் போட்டுவிட்டார்கள். நீ சொல்வது சரிதான், இவர்கள் முட்டாள்கள். ஆனால் மறைக்கத் தெரியாத முட்டாள்கள்.

இனி நான் சொல்வதைக் கேள். உன்னைக் கூட்டிப் போக நான் அந்தப் பனிக்குள் வரமாட்டேன். வண்டியும் வராது, நானும் வரமாட்டேன். நீ வருகிறாய். ரக்பியில் ரயில் ஏறு. போர்ட்லண்டில் மாறு, லாஸ் ஏஞ்சலஸில் மாறு, யூமாவில் இறங்கு. நான் அங்கே நிற்பேன். ஜெரால்டினைத் துணைக்கு அழைத்து வராதே. ஸ்டேஷன் வாசலோடு அவள் திரும்பிவிட வேண்டும், நானும் அவளுக்கு எழுதியிருக்கிறேன்.

தனியாக எப்படி வருவது என்று கேட்பாய். வாயைத் திறந்து வா. எந்தப் பிளாட்பாரம் என்று கேட்க வேண்டியிருக்கும். தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும், "எனக்குக் கண்ணு தெரியாது" என்று முதலில் சொல்லு. முன்பின் தெரியாதவர்கள், உன்னைப் பற்றிக் கவலையில்லாதவர்கள், அவர்களிடம் சொல்லு. இருபது பேரிடம் சொன்ன பிறகு என் எதிரே வந்து நில். என்னிடம் சொல்லத் துணிச்சல் இல்லாமல் போனதை அதற்குள் பழகியிருப்பாய்.

வரமாட்டேன் என்றால் பதில் எழுத வேண்டாம். என் துணிகள் பீரோவில் இடது பக்கம் இருக்கின்றன.

மார்லிஸ்


போர்ட்லண்ட், ஓரிகன்
பிப்ரவரி 20, 1997

மார்லிஸ்,

இதை எழுதுவது என் கை இல்லை. ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் விடுதியில் காபி ஊற்றுகிற பெண் எழுதுகிறாள். பெயர் டெல்ஃபின். நான் சொல்வதை அப்படியே எழுத வேண்டும், திட்டு வந்தால் அதையும் விடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். உன் மரியாதைக்காக ஒன்றை மட்டும் எழுத மறுத்துவிட்டாள்.

தெற்கே போகும் ரயிலில் ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் இடம் கிடைத்தது. அதுவரை இங்கே கிடக்கிறேன். யூமாவில் இறங்குவது 27ஆம் தேதி வியாழக்கிழமை.

டெல்ஃபினையும் சேர்த்து இதுவரை பதிமூன்று பேரிடம் சொல்லியாயிற்று. முதல் ஆள் ரக்பி ஸ்டேஷனில் டிக்கெட் கிழிப்பவன். சொல்ல வாய் திறந்தேன், வார்த்தை குழறி வந்தது, அவன் நான் குடித்திருப்பதாக நினைத்தான். ஆறாவது ஆளுக்குப் பிறகு பரவாயில்லை. ஒருத்தனும் சிரிக்கவில்லை, அது எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. மொன்டானாவில் ஒருத்தி என் கையைப் பிடித்துக் கழிவறை வாசல் வரை கொண்டுபோய் விட்டு, முடியும்வரை வெளியே நின்று பாட்டுப் பாடினாள். அவளை மன்னிக்க மாட்டேன். தட்டில் இருப்பதை ஒவ்வொன்றாகச் சொன்ன கிழவன் ஒருவன், பட்டாணியைக்கூட விடவில்லை. உலகம் முழுக்க இப்படிப்பட்ட ஜனங்கள்தான் இருக்கிறார்கள் என்பது இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போனது.

எதிரே வந்து நிற்கச் சொல்லியிருந்தாய். ஸ்டேஷனில் என் எதிரே நிற்காதே, மார்லிஸ். எதிரே நின்றால் நீ இருக்க மாட்டாய். கொஞ்சம் பக்கவாட்டில் நில். அங்கே நின்றால்தான் உன் முகம் எனக்குத் தெரியும்.

ஆர்விட்